பிள்ளையை யாரிடம் விடுவது?
கடற்கரை விடுதிக்குப் போகும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

கோடை வந்து விட்டால் வேலூர் கொதிக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு லாங் பஜாரில் நடந்தால் தலையும் சுடும், காலும் சுடும். "எங்கேயாவது இரண்டு நாள் போய் வரலாமா?" என்ற பேச்சு வீடுதோறும் கிளம்பும்.

முன்பெல்லாம் ஏலகிரி, ஏற்காடு, திருப்பதி என்பார்கள். இப்பொழுது குழந்தைகள் வேறு இடம் கேட்கிறார்கள். "கடலுக்குப் போகலாம், அப்பா!" என்கிறார்கள்.

கேட்பதில் தவறு இல்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த ஆறு பாலாறு. ஆண்டில் பெரும் பகுதி அதில் இருப்பது மணல்தான். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர் என்றால் அவர்களுக்கு ஆசை வராதா?

ஆசை இருக்கிறது, ஆனால் தண்ணீரோடு பழக்கம் இல்லை. நீந்தத் தெரிந்த பிள்ளைகள் குறைவு. ஆகவே, கடற்கரைக்குப் போகும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பங்கள் மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும். எந்த விடுதி, என்ன வாடகை என்று கேட்பதோடு நின்று விடக் கூடாது. "அங்கே பிள்ளையை யார் பார்த்துக் கொள்வார்கள்?" என்றும் கேட்க வேண்டும்.

பாட்டிக்கும் ஆசை உண்டு!

ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். கணவர் பஜாரில் கடை வைத்திருக்கிறார். மனைவி காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கிறார். இரண்டு பிள்ளைகள், மூத்ததுக்கு வயது எட்டு, இளையதுக்கு மூன்று. வீட்டில் பாட்டியும் உண்டு.

வழக்கமாக என்ன நடக்கும்?

"அத்தை, சின்னவனை நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள். நாங்கள் அலையில் நின்று விட்டு வருகிறோம்" என்பார் மருமகள்.

பாட்டி ஒன்றும் சொல்ல மாட்டார். பையை மடியில் வைத்துக் கொண்டு, பேரனைப் பிடித்துக் கொண்டு, மணலில் உட்கார்ந்திருப்பார். ஊருக்குத் திரும்பிய பிறகுதான், "எனக்கும் கடலில் கால் நனைக்க ஆசை இருக்காதாம்மா?" என்று கேட்பார்.

அல்லது, மருமகளே இரண்டு நாளும் பிள்ளையின் பின்னால் ஓடிக் கொண்டிருப்பார். வீட்டில் செய்த வேலையையே கடற்கரையிலும் செய்து விட்டு, களைத்துப் போய்த் திங்கட்கிழமை வேலைக்குப் போவார். இதற்குப் பெயர் ஓய்வா?

பெண்களுக்கும் ஓய்வு வேண்டும். பிள்ளையை ஒரு மணி நேரம் பொறுப்பான ஒருவரிடம் விட்டு விட்டுத் தாய் நிம்மதியாக உட்கார்ந்தால், அவர் கெட்ட தாய் ஆகி விட மாட்டார். அந்த ஒருவர் பொறுப்பானவரா என்று பார்க்க வேண்டியதுதான் முக்கியம்.

எங்கிருந்து வந்தது இந்த வழக்கம்?

பெரிய கடற்கரை விடுதிகளில் இப்பொழுது "கிட்ஸ் கிளப்" என்று ஓர் அறை இருக்கிறது. சுவரெல்லாம் வண்ணப் படங்கள். உள்ளே பொம்மைகள், படம் வரையும் தாள், சறுக்கு மரம். பெற்றோர் ஓய்வெடுக்கும் நேரத்தில் குழந்தைகள் அங்கே விளையாடலாம்.

இந்த ஏற்பாடு மேல்நாட்டிலிருந்து வந்தது. 1936-ம் ஆண்டில் பில்லி பட்லின் என்பவர் இங்கிலாந்தில் ஸ்கெக்னெஸ் என்ற கடற்கரை ஊரில் விடுமுறை முகாம் ஒன்றைத் திறந்தார். நடுத்தரக் குடும்பங்களும் தொழிலாளர் குடும்பங்களும் அங்கே வந்து தங்கின. சிவப்புக் கோட்டு அணிந்த ஊழியர்கள் விருந்தினர்களுக்கு விளையாட்டுக் காட்டினார்கள்.

1950-ம் ஆண்டில் ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு நீர்ப்பந்து வீரர், ஸ்பெயின் நாட்டு மயோர்க்கா தீவில் கூடாரங்கள் அடித்து "கிளப் மெடிட்டரேனி" என்ற விடுமுறைக் கிராமத்தைத் தொடங்கினார். 1967-ல் அந்த நிறுவனம் குழந்தைகளுக்கென்று "மினி கிளப்" ஏற்படுத்தியது. பின்பு உலகெங்கும் விடுதிகள் இதே வழியைப் பின்பற்றின.

நம் பக்கத்தில், சென்னையை அடுத்த கோவளத்தில் 1974-ல் கடற்கரைச் சொகுசு விடுதி வந்தது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலும், அதைத் தாண்டிப் புதுச்சேரி வரையிலும் பல விடுதிகள் இருக்கின்றன. வேலூரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம் சுமார் 140 கிலோ மீட்டர். காலையில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேரலாம்.

பெயர் ஒன்று, ஏற்பாடு மூன்று

"எங்கள் விடுதியில் கிட்ஸ் கிளப் உண்டு" என்று விளம்பரத்தில் இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்து விடக் கூடாது. அந்த ஒரு பெயருக்குப் பின்னால் மூன்று விதமான ஏற்பாடுகள் இருக்கலாம்.

முதலாவது, வெறும் விளையாட்டு அறை. பொம்மைகள் இருக்கும், பொறுப்பாளர் இருக்க மாட்டார். பெற்றோர் கூடவே இருக்க வேண்டும்.

இரண்டாவது, நேரம் குறித்து நடத்தும் நிகழ்ச்சி. காலையில் படம் வரைதல், மாலையில் மணல் வீடு கட்டுதல் என்று அட்டவணை இருக்கும். ஊழியர் ஒருவர் நடத்துவார். பல விடுதிகளில் நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை மட்டுமே தனியாக விடலாம். அதற்குக் குறைந்த வயது என்றால் பெற்றோரும் உட்கார வேண்டும்.

மூன்றாவது, மணிக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் வாங்கிக் கொண்டு ஆயாவை அனுப்புவது. இதற்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

நாம் மேலே சொன்ன குடும்பத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது ஏற்பாடு பொருந்தும். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாமல் போகலாம். பணம் கட்டி அறை எடுத்த பிறகு இதைத் தெரிந்து கொண்டு என்ன பயன்? தொலைபேசியிலேயே, "மூன்று வயதுப் பிள்ளையைத் தனியாக விடலாமா?" என்று கேட்டு விட வேண்டும்.

ஆம்பூர்ப் பெண்களுக்குத் தெரிந்த பாடம்

"இதையெல்லாம் பார்த்து எடை போட நமக்கு என்ன தெரியும்?" என்று தயங்க வேண்டாம். நம் பக்கத்துப் பெண்களுக்கு நன்றாகவே தெரியும்!

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் தோல், காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு விட்டு இயந்திரத்தின் முன் உட்காருவது எப்படிப்பட்டது என்பதை அறிந்தவர்கள் அவர்களில் பலர்.

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதற்கு வழி செய்தது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-ல் இந்த எண்ணிக்கை 30 என்று குறைக்கப்பட்டது. 2017-ம் ஆண்டு மகப்பேறு சட்டத் திருத்தமோ, 50 பேர் வேலை செய்யும் இடமெல்லாம் காப்பக வசதி வேண்டும் என்றும், தாய் நாள் ஒன்றுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் கூறியது. 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி இடம் பெற்றது.

பழைய 1948-ம் ஆண்டுச் சட்டம் காப்பக அறையைப் பற்றி என்ன சொன்னது தெரியுமா? போதிய இடம் வேண்டும். வெளிச்சமும் காற்றும் வேண்டும். சுத்தமாக இருக்க வேண்டும். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்கள் பொறுப்பில் இருக்க வேண்டும். இவ்வளவுதான். இந்த நான்கையும் எந்தத் தாயும் ஐந்து நிமிடத்தில் பார்த்து விடலாம்.

பால்வாடியில் பிள்ளையை விட்டுப் பழகியவர்களுக்கும் இதே கண் உண்டு. டீச்சர் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாரா? மூக்கு ஒழுகினால் துடைக்கிறாரா? தண்ணீர்ப் பானை மூடியிருக்கிறதா? ஊரில் இவற்றைப் பார்க்கும் தாய், நட்சத்திர விடுதியின் பளிங்குத் தரையைக் கண்டதும் கேட்கக் கூச்சப்படுவது ஏன்? இங்கே நாம் பணம் கொடுக்கிறோம். கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

தலைகளை எண்ணுங்கள்

அறைக்குள் போனதும் முதலில் எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் எத்தனை? பார்த்துக் கொள்பவர்கள் எத்தனை?

இங்கிலாந்தில் இதற்குக் கணக்கு வகுத்திருக்கிறார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றால் 3 பேருக்கு ஒருவர். இரண்டு வயதுக் குழந்தைகள் 5 பேருக்கு ஒருவர். மூன்று வயதுக்கு மேல் பொதுவாக 8 பேருக்கு ஒருவர். நம் ஊர் விடுதி இந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் அளவுகோலாக நாம் வைத்துக் கொள்ளலாம். இருபது பிள்ளைகள் ஓடி விளையாடும் அறையில் ஒரே ஓர் இளம் பெண் நின்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இருபது பேரையும் பார்க்க முடியாது.

அடுத்து, கதவைப் பாருங்கள். பிள்ளை தானாகத் திறந்து கொண்டு வெளியே ஓட முடியுமா? வெளியே நீச்சல் குளம் இருக்கிறதா? அறைக்குக் கண்ணாடிச் சன்னல் இருக்கிறதா? வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே நடப்பது தெரிய வேண்டும்.

பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளையை விடும் நேரம், விட்டவர் பெயர், தொலைபேசி எண், அழைத்துப் போக உரிமை உள்ளவர் பெயர் எல்லாம் எழுதப்பட வேண்டும். "நான் இவன் மாமா" என்று யாரோ வந்து சொன்னால் பிள்ளையைக் கொடுத்து விடும் இடத்தில் பிள்ளையை விடக் கூடாது.

தமிழ் தெரியுமா?

பலர் மறந்து போகும் கேள்வி இது.

பெரிய விடுதிகளில் வேலை செய்பவர்கள் பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். இந்தியும் ஆங்கிலமும் பேசுவார்கள். நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ். சில வீடுகளில் உருது. மூன்று வயதுப் பிள்ளை, "வயிறு வலிக்குது" என்று சொன்னால் அந்த அறையில் யாருக்காவது புரிய வேண்டாமா? "ஒண்ணுக்குப் போகணும்" என்று சொல்லி, யாருக்கும் புரியாமல், ஆடை நனைந்து அழுது நிற்கும் பிள்ளைக்கு அந்தக் கடற்கரையே கசந்து போகும்.

பிள்ளைக்கு ஆகாத உணவு எது, கொடுக்க வேண்டிய மருந்து எது என்பதைத் தாளில் எழதிக் கொடுத்து விடுவது நல்லது. வேர்க்கடலை ஆகாது, முட்டை ஆகாது என்றால் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

தண்ணீர் சத்தம் போடாது

இனி, எல்லாவற்றிலும் பெரிய விஷயம்.

2021-ம் ஆண்டில் உலகில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

மூழ்கும் பிள்ளை கையை ஆட்டிக் கூச்சல் போடும் என்று சினிமாவில் பார்த்திருப்போம். உண்மையில் அப்படி நடப்பதில்லை. மூச்சு விடவே முடியாத பிள்ளை எப்படிக் கத்தும்? ஓசை இல்லாமல், ஓரிரு நிமிடத்தில் எல்லாம் முடிந்து விடும். முழங்கால் ஆழத் தண்ணீர் கூடச் சின்னக் குழந்தைக்குப் போதும்.

ஆகவே விடுதியில் கேளுங்கள்: "கிட்ஸ் கிளப் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்கோ கடலுக்கோ அழைத்துப் போவீர்களா? எங்களைக் கேட்டுத்தான் போவீர்களா? உயிர் காப்பாளர் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை இருப்பார்?" பதில் தெளிவாக இல்லையென்றால், பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கம் அழைத்துப் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்து விடுங்கள்.

கடலில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அலைகள் கரைக்குக் கொண்டு வந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? சில இடங்களில் அது ஒடுங்கிய பாதையாக, வேகமாகக் கடலுக்குள் இழுத்துக் கொண்டு போகும். அந்த இடத்தில் அலை குறைவாக இருப்பது போலத் தோன்றும். "இங்கே அமைதியாக இருக்கிறது" என்று நாம் பிள்ளையை அங்கேயே இறக்கி விடுவோம்! கடல் தெரிந்த உள்ளூர் மீனவரையோ உயிர் காப்பாளரையோ கேட்காமல் இறங்கவே கூடாது. இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவார். மிதந்து கொண்டு, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பிலிருந்து வெளியே வர வேண்டும்.

கோவளம் கடற்கரைக்கு 2021-ல் "நீலக் கொடி" என்ற பன்னாட்டுச் சான்று கிடைத்தது. சுத்தமான தண்ணீர், உயிர் காப்பாளர், முதலுதவி வசதி போன்றவற்றைப் பார்த்துக் கொடுக்கப்படும் சான்று இது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். இப்படிப்பட்ட கடற்கரையைத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு நிம்மதி. ஆனாலும், எந்தக் கொடியும் பெற்றோர் கண்ணுக்கு ஈடு ஆகாது.

பத்துப் பேர் இருந்தும்...

கூட்டுக் குடும்பமாகப் போகும்போது ஒரு வேடிக்கை நடக்கும். சித்தப்பா இருக்கிறார் என்று அப்பா நினைப்பார். அப்பா இருக்கிறார் என்று சித்தப்பா நினைப்பார். அத்தை பார்ப்பார் என்று அம்மா நினைப்பார். பத்துப் பேர் இருந்தும் பிள்ளையை ஒருவரும் பார்க்காமல் இருப்பார்கள்!

இதற்கு எளிய வழி உண்டு. ஒரு சிவப்புத் துண்டு எடுத்துக் கொள்ளுங்கள். அந்தத் துண்டு யார் தோளில் இருக்கிறதோ, அவர்தான் அந்த நேரத்துக் காவல்காரர். அவர் செல்போன் பார்க்கக் கூடாது. அரட்டை அடிக்கக் கூடாது. சுண்டல் வாங்கக் கூடப் போகக் கூடாது. இருபது நிமிடம் ஆனதும் துண்டை அடுத்தவர் தோளில் போட வேண்டும். மேல்நாடுகளில் இதற்கென்றே அட்டை செய்து கழுத்தில் மாட்டிக் கொள்கிறார்கள். நமக்குத் துண்டு போதும்.

இப்படி முறை வைத்தால் பாட்டியும் கடலில் கால் நனைக்கலாம். அம்மாவும் அரை மணி கண் மூடலாம். கிட்ஸ் கிளப் உள்ள விடுதிக்குப் பணம் இல்லாதவர்கள், காலையில் போய் இரவு திரும்புகிறவர்கள், எல்லோருக்கும் இது உதவும். இதற்குக் காசு செலவு இல்லை.

பொம்மைப் படமா, ஆமையா?

பிள்ளைகளைக் குளிர்ந்த அறையில் உட்கார வைத்து, தொலைக்காட்சியில் பொம்மைப் படம் போட்டு விட்டால், அதை நிகழ்ச்சி என்று சொல்ல முடியாது. அதற்கு லாங் பஜாரிலேயே இருந்து விடலாம்! கடற்கரைக்கு வந்த பிள்ளை கடலைப் பற்றி ஏதாவது தெரிந்து கொண்டு போக வேண்டும்.

இந்தக் கடற்கரையில் பார்க்க என்ன இல்லை? கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது. 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. முட்டுக்காட்டில் "தட்சிண சித்ரா" இருக்கிறது. 1996-ல் திறக்கப்பட்டது. தென்னாட்டுப் பழைய வீடுகளை அங்கே அப்படியே எழுப்பி வைத்திருக்கிறார்கள், கைத்தொழில்களையும் பார்க்கலாம். மாமல்லபுரத்துச் சிற்பங்கள் 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வருகின்றன. சென்னையில் மாணவர்கள் 1988 முதல் இரவில் கரையோரம் நடந்து அந்த முட்டைகளைப் பாதுகாத்து வருகிறார்கள்.

நல்ல விடுதி இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லும். விடுதி சொல்லாவிட்டால் நாம் அழைத்துப் போகலாம். போகும் முன் விடுமுறை நாள் எது என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

கடலைப் பற்றித் தெரிந்து கொண்டால் பயன் உண்டா? 2004 டிசம்பர் 26-ந் தேதி டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி, பெற்றோருடன் தாய்லாந்து நாட்டுப் புக்கெட் தீவில் கடற்கரையில் இருந்தாள். கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டதும், இரண்டு வாரம் முன்பு பூகோள வகுப்பில் படித்த சுனாமி நினைவுக்கு வந்தது. பெற்றோரிடம் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாள். விடுதிக் காவலருக்குத் தகவல் போயிற்று. கரையில் இருந்த சுமார் 100 பேர் தப்பினார்கள். அதே நாளில் நம் தமிழ்நாட்டுக் கரையில் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பதை நாம் மறக்க முடியாது.

முன்பணம் கட்டும் முன் கேளுங்கள்

1. எந்த வயதுப் பிள்ளையைத் தனியாக விடலாம்?
2. எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர்?
3. அவர் குழந்தை வளர்ப்பிலும் முதலுதவியிலும் பயிற்சி பெற்றவரா? அவரைப் பற்றிப் போலீஸ் விசாரணை செய்திருக்கிறார்களா?
4. தமிழ் பேசுவாரா?
5. திறந்திருக்கும் நேரம் என்ன? தனிக் கட்டணம் உண்டா?
6. பிள்ளையை விடவும் அழைக்கவும் பதிவேடு உண்டா?
7. எந்த நேரமும் பெற்றோர் உள்ளே வந்து பார்க்கலாமா?
8. தண்ணீர்ப் பக்கம் அழைத்துப் போவார்களா?
9. உச்சி வெயிலில் வெளியே விளையாட விடுவார்களா?
10. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால், பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

ஏழாவது கேள்விக்கு "முடியாது" என்று பதில் வந்தால், மற்ற ஒன்பதையும் கேட்க வேண்டியதில்லை. அந்த விடுதியை விட்டு விடுங்கள்.

பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்

முதல் நாளே மூன்று மணி நேரம் விட்டு விடக் கூடாது. முதலில் கூடவே உட்காருங்கள். பிறகு பதினைந்து நிமிடம் வெளியே போய் வாருங்கள். பிள்ளை சிரித்துக் கொண்டு விளையாடினால் அரை மணி, ஒரு மணி என்று நீட்டலாம்.

வீட்டிலேயே சில வார்த்தைகளைச் சொல்லிக் கொடுங்கள். அப்பா, அம்மா பெயர், தொலைபேசி எண், ஊர்ப் பெயர் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். "யாராவது உனக்குப் பிடிக்காத மாதிரி தொட்டால் சத்தம் போடு. அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று யார் சொன்னாலும் அம்மாவிடம் வந்து சொல்" என்று சொல்லி வையுங்கள். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காக 2012-ல் இயற்றப்பட்ட போக்சோ சட்டம் இருக்கிறது. 1098 என்ற எண்ணுக்குப் பேசினால் குழந்தைகளுக்கு உதவி கிடைக்கும். அவசரத்துக்கு 112.

பிள்ளை, "அங்கே போக மாட்டேன்" என்று அழுதால், "இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோமே!" என்று அதட்டாதீர்கள். என்ன காரணம் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சில நேரம் அது வெறும் பிடிவாதமாக இருக்கும். சில நேரம் அப்படி இருக்காது. எது என்று கேட்டால்தான் தெரியும்.

இந்தக் கோடையில் கடலுக்குப் போக எண்ணியிருக்கிறவர்கள், பெட்டியில் துணி அடுக்கும்போது ஒரு சிவப்புத் துண்டையும், இந்தப் பத்துக் கேள்விகளையும் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். போகும்போது எத்தனை பேரோ, திரும்பும்போதும் அத்தனை பேர் சிரித்த முகத்தோடு வீட்டுப் படி ஏற வேண்டும்.